குஞ்சு பொரித்த கம்ப்யூட்டர்

ஒட்டுசுட்டானில் ஒரு கம்ப்யூட்டர் ஒன்பது குஞ்சு பொரித்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். குஞ்சுகள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரு குஞ்சு வெளியே வந்தவுடன் பாஸ்வேர்ட் கேட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அது மட்டும் கொஞ்சம் மிகை.

அந்த அதிசயத்துக்கு முன்னரே ஊரில் இன்னோர் அதிசயம் கடை விரித்திருந்தது. அதன் பெயர் பரமலிங்கம் சாத்திரியார். மனிதருக்கும் மாட்டுக்கும் சாதகம் பார்த்து அலுத்துப்போனவர், கம்ப்யூட்டருக்குச் சாதகம் பார்க்கத் தொடங்கியிருந்தார். முதன்முதல் சுவிச்சைப் போட்ட நேரம்தான் கம்ப்யூட்டர் பிறந்த நேரம். அதை வைத்துக் கட்டம் கீறுவார். பெட்டிக்கு மேலே வெற்றிலையை வைத்து, காதை ஒட்டிக் கேட்பார். திறக்க மட்டும் மாட்டார். திறந்தால் தோசம் பறந்துபோய்த் திறந்தவன் வீட்டுத் தண்ணீர் மோட்டரில் ஏறிவிடுமாம்.

சனம் விடுமா? வரிசை அவர் கடை வாசலில் தொடங்கி, பஸ் தரிப்பிடத்தைத் தாண்டி, காட்டுக்கரை வரை நின்றது. காட்டிலிருந்து வந்த யானை ஒன்று வரிசையைப் பார்த்துவிட்டு, தன் முறை வர நேரமாகும் என்று திரும்பிப் போனது.

எந்தப் பெட்டிக்கும் ஒரே பலன்தான். "சனி பிடிச்சிட்டுது. பழசை என்னட்டை விடுங்கோ, குளத்தில கழிச்சு விடுறன். புதுசு நானே தாறன்." அவர் விற்கும் புதியதில் சிவப்பும் நீலமுமாய் விளக்கு எரியும். தேர்த்திருவிழாவே தோற்றுப்போகும்.

அந்த வரிசையில் கனகலிங்கமும் நின்றார். வயல்காரர். அறுபது வயதில் அவரைக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. காலை முழுதும் சேற்றில் நின்றுவிட்டு வந்து, திரையிலும் வயல்தான் செய்வார். பைத்தியமோ என்று கேட்டவர்களுக்கு, "இந்த வயலுக்கு யானை வராது" என்பார். அதற்கென்றே மகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன வேகமான கம்ப்யூட்டருக்கு இப்போது வயதாகிவிட்டது. திரையில் அறுவடை மெசின் வயலில் இறங்கியதும் பொட்டென்று அணைந்துவிடும். பழுதானதை மட்டும் மாற்றுவதா, முழுதாகவே மாற்றுவதா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்த மனிதர், யோசிக்கும் வேலையைச் சாத்திரியாரிடம் ஒப்படைத்தார். சாத்திரியார் காதை வைத்தார். சனி.

புதியது வாங்க இருந்த ஒரே வழி, வீட்டில் நின்ற கறவைப் பசு சிவப்பி. அதுவோ மனைவி அன்னபாக்கியத்தின் உயிர்.

"இஞ்சேரும், சிவப்பியைக் கேட்டு நாளைக்கு ஆள் வருது."

"ஏன், அவளுக்கும் சனியோ?"

"கம்ப்யூட்டருக்கு. சாத்திரியார் காதை வைச்சுக் கேட்டவர்."

"கேட்டவர் சரி. திறந்து பாத்தவரோ?"

"திறக்கப்படாது. உமக்கு உதுகள் விளங்காது."

"எனக்கு மாடு, கோழிதான் விளங்கும். மாட்டை வித்தா நீங்கள் பாலில்லாத பிளேன்டி குடிக்கிறதும் விளங்குது."

அன்னபாக்கியம் ஊரின் ஒரேயொரு சந்தேகக்காரி. மழை பெய்தாலும் கையை நீட்டிப் பார்த்துத்தான் நம்புவார்.

"சரியப்பா," என்றார். "கோழிக்கூட்டடியில மகன்ர பழைய பெட்டி ஒண்டு கிடக்கெல்லோ. அதையும் ஒருக்காக் காட்டுவம். அதுக்கு அவர் சரியாப் பலன் சொன்னா, சிவப்பியை நானே அவிழ்த்துவிடுறன்."

அந்தப் பெட்டியின் உள்ளே இருந்ததையெல்லாம் மகன் எப்போதோ கழற்றிவிட்டான். வெறுங்கூடு என்றுதான் கனகலிங்கம் நினைத்திருந்தார். மறுநாள் காலை அன்னபாக்கியம் அதை மூடிச் சாக்கால் சுற்றித் தூக்கிக் கொடுத்தார்.

"கனக்குதே?"

"பழைய காலத்துச் சாமான். கனக்கும்தானே. ஆட்டாமல் கொண்டு வாங்கோ."

சாத்திரியார் வெற்றிலையை வைத்தார். காதை ஒட்டினார். உள்ளிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். சாத்திரியாரின் முகத்தில் சூரியன் உதித்தது.

"கேக்குதோ? கிராபிக்ஸ் கார்ட்டில சனீஸ்வரன் தட்டுறார்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கனகலிங்கம் பெட்டியை எட்டிப் பார்த்தார். வெறுங்கூட்டில் இல்லாத கார்ட்டில் சனி எப்படி இருப்பார்?

"உள்ளுக்கு உயிர் ஏதும் கிடக்கோ ஐயா?" என்று பணிவாகக் கேட்டார் அன்னபாக்கியம்.

"உயிர் போய்க் கனகாலம். செத்த பெட்டி. கழிப்புக்கு விட்டிட்டுப் போங்கோ அம்மா."

அன்னபாக்கியம் சாக்கை விலக்கி, பெட்டியின் பக்க மூடியை இழுத்துக் கழற்றினார். அடைகாத்துக்கொண்டிருந்த கோழி இறகைச் சிலிர்த்து எழும்பி, சனி தட்டுவதைக் கேட்ட அதே காதில் ஒரு கொத்துக் கொத்தியது. அதன் வயிற்றுக்குக் கீழே முட்டைக் கோதுகளை உடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சனீஸ்வரர்கள் வெளியே வந்தார்கள். கீச், கீச்.

கூட்டம் சிரித்த சிரிப்பு முல்லைத்தீவுக் கடல் வரை கேட்டது. மீன்பிடிக்கப் போனவர்கள் இடியென்று கரை திரும்பினார்கள். சிரித்த தள்ளுமுள்ளில் கடையின் பின்பக்கத் திரை அறுந்து விழுந்தது. அங்கே, குளத்தில் கழித்ததாகச் சொன்ன பெட்டிகளெல்லாம் வரிசையாய் இருந்தன. அவற்றின் உள்ளுறுப்புகளைக் கழற்றி விளக்கு எரியும் பெட்டிக்குள் மாற்றும் திருப்பணி பாதியில் நின்றது.

முன்னுக்கு நின்ற தவராசா தன்னுடையதை அடையாளம் கண்டுகொண்டார். "என்ர பெட்டி குளத்துக்கையெல்லோ கிடக்கோணும்?"

"நீந்தி வந்திருக்கும்," என்றார் அன்னபாக்கியம்.

சாத்திரியார் அன்று இராகுகாலம்கூடப் பாராமல் மாங்குளம் பஸ்ஸில் ஏறினார்.

வீட்டுக்கு வந்த கனகலிங்கம் தன் கம்ப்யூட்டரைத் தானே திறந்தார். தோசம் ஒன்றும் பறக்கவில்லை, தூசுதான் பறந்தது. எத்தனையோ போகத்து உமித்தூள் அடைத்து, விசிறி அசையாமல் நின்றது. சைக்கிள் பம்பால் ஊதினார். புழுதியைக் கண்டு, எங்கேயோ நெல்லுச் சூடு அடிக்கிறார்கள் என்று அயலவர்கள் சாக்கோடு ஓடி வந்தார்கள். முல்லைத்தீவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நவ்பர் வந்து பார்த்துவிட்டு, "விசிறியையும் மெமரியையும் மாத்துங்கோ அண்ணை. மற்றதெல்லாம் நல்லாத்தான் கிடக்கு" என்றார். மாற்றினார்கள். திரையில் மெசின் வரம்பு முதல் வரம்பு வரை ஓடி அறுத்து முடித்தது. சிவப்பி கொட்டிலில் அசைபோட்டுக்கொண்டு நின்றாள்.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால், சனத்தை உங்களுக்குத் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை துணுக்காயிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்து இறங்கியது. கையில் பூ, பழம், கற்பூரம். கோழிக்கூட்டடியில் கிடந்த வெறும்பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"அம்மா, நீங்கள் ஒண்டையும் லேசில நம்பமாட்டியளாம். நீங்களே சொல்லுங்கோ. கம்ப்யூட்டர் குஞ்சு பொரிச்சது மெய்யோ?"

அன்னபாக்கியம் கற்பூரத் தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஓம் பிள்ளையள், மெய்தான். நான் கண்ணால கண்டனான். ஆனா மூடியைக் கழட்டின பிறகுதான் அது குஞ்சு. கழட்டும் வரைக்கும் சனி. உங்கட தலையையும் ஒருக்காத் திறந்து பாருங்கோ; பொரிக்க ஏதும் கிடக்கும்."