ஜன்னல் அறையில் மனதை நிறுத்தியவர்

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே ஒரு படம். வரைந்து முடித்துவிட்டால் ஜன்னல் அறை அவருக்கு. முடிக்காவிட்டால் மனைவியின் தையல் மெஷினுக்கு. ரயில்வே டிக்கெட் பரிசோதகர் மார்தட்டிக்கொண்டு போட்ட பந்தயம் இது. வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற அறை அது ஒன்றுதான். புல்லாங்குழல், கேமரா, சதுரங்கம் என்று அவர் ஆரம்பித்து அம்போவென்று விட்ட சாமான்களெல்லாம் பரண்மேல் கிடந்ததால், மனைவி யோசிக்காமல் கையடித்துக் கொடுத்தாள்.

அவர் புதிதாகச் சேர்ந்திருந்த ஓவிய வகுப்பின் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வழி கேட்பதற்குச் சுலபம். தூரிகையைத் தொடுமுன் கால்மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். மூச்சைக் கவனிக்க வேண்டும். பிறகு எதிரே இருக்கும் ஒரு பொருளை, அதை மட்டும், பார்க்க வேண்டும். மனம் ஓடினால் திட்டாமல் கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும். அப்புறம் கை தானாக வரையுமாம்.

உட்கார்ந்தால்தானே! இருபது வருஷமாக ஓடுகிற ரயிலில் நடந்தே சம்பாதித்த மனுஷன். உட்கார்ந்தால் முழங்கால் ஆட ஆரம்பித்துவிடும். எதிரே கெட்டிலை வைத்தார். மூச்சு உள்ளே போனது. கெட்டில் மூடி எங்கே? மூச்சு வெளியே வந்தது. மாடியில் யார் நாற்காலியை இழுக்கிறார்கள்? எழுந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார். குழாய் சொட்டியது, போய் இறுக்கினார். வியாழனும் வெள்ளியும் இப்படியே போயின. காகிதத்தில் கெட்டிலின் கைப்பிடி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. பரிசோதகருக்கு அழுகையே வந்துவிட்டது. அறை போனால் ஓவியமும் பரண் ஏறிவிடும் என்று அவருக்கே தெரியும்.

சனிக்கிழமை காலை மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கெட்டில் பாவம் என்ன பண்ணும். அசையுற எதையாவது பாருங்களேன். உங்க கண்ணுக்கு அதுதான் பழக்கம்."

"அசையுறதுக்கு நான் எங்க போவேன்?"

"நான் தைக்கிறேன், என்னை வரைங்க. ஆனா ஹால் ஒரே இருட்டு. மெஷினை இங்க கொண்டுவந்தா உங்களுக்காக உக்காந்துக்குவேன்."

எதிரியே வந்து உதவுகிறாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினை மூச்சு வாங்க அவரே தூக்கி வந்தார். துணிக்கூடை, நூல்பெட்டி, ஸ்டூல் எல்லாம் அவரே. அவள் தைக்க உட்கார்ந்தாள். தடதடவென்று அசல் ரயில் சத்தம். பரிசோதகரின் முழங்கால் நின்றது. துணி நகர்வதையும் அவள் விரல் அதைத் தள்ளுவதையும் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மாடியில் நாற்காலி இழுபட்டது அவர் காதில் விழவே இல்லை. குனிந்த அந்தக் கழுத்தை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. சாயங்காலம் படம் முடிந்துவிட்டது.

மறுநாள் மாஸ்டர் வீட்டுக்கே வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். இதுபோல இன்னும் பத்து வரைந்தால் கண்காட்சியில் ஒரு சுவரையே ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். ஆனால் அறையில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாதாம். அதே வெளிச்சம், அதே மெஷின், அதே ஆள். இவரது மனம் அதில்தான் நிற்கிறது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பரிசோதகர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

"இப்ப சொல்லு. பந்தயத்துல ஜெயிச்சது யாரு?"

"நீங்கதாங்க. ரூம் உங்களுதுதான்," என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்தபடி. "இனிமே உள்ள வரும்போது மட்டும் கதவைத் தட்டிட்டு வாங்க. அளவு கொடுக்க பொம்பளைங்க வருவாங்க."