விழுந்து கும்பிட்ட கழுத்து

கழுத்து என்று ஒன்று இருப்பதே, அது திரும்ப மறுக்கிற நாள்வரை யாருக்கும் நினைவிருப்பதில்லை. எனக்கு நினைவு வந்தது, என்னைப் பெண் பார்க்க வருவதற்குப் பத்து நாள் முன்னால்.

அப்போது நான் ஏழாயிரம்பண்ணையிலிருந்து தினமும் பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்வந்தேன். ஆபீசில் பில் போடுகிற வேலை. (அதனால் எனக்கு ஒரு மிதப்பு உண்டு.) அன்று ஆடுகள் குறுக்கே வந்ததால் வேன் நின்றது. பின்னால் அட்டை லோடு ஏற்றி வந்த மினிலாரி நிற்கவில்லை. 'டொம்' என்று ஒரு முட்டு. நான் குனிந்து புது செல்போனில் ரிங்டோன் மாற்றிக்கொண்டிருந்தேன். தலை பின்னால் போய், அதே வேகத்தில் முன்னால் வந்தது. தலை சாய்க்கத் திண்டு எதுவும் அந்த சீட்டில் கிடையாது, முதுகோடு முடிந்துவிடும். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான்தான்.

மறுநாள் காலையில் பல் துலக்கக் குனிய முடியவில்லை.

"சுளுக்குத்தான். எண்ணெய் போட்டு ஒரு திருகு திருகினா சரியாப் போயிரும்" என்று அம்மா கையை நீட்டினாள். நல்லவேளை, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"திருகிராதீக சித்தி! வண்டி முட்டுனதுல கழுத்து வெட்டி இழுத்திருக்கு. அன்னைக்கே வலிக்காது, மறுநாதான் வேலையக் காட்டும்."

அவளே கூட்டிப்போனாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் என்றார். மாத்திரையும் பஞ்சு வைத்த ஒரு கழுத்துப் பட்டையும் தந்தார். "மூணு நாள் மட்டும் போடும்மா. அப்புறம் கழட்டிட்டு மெதுவா இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டே இருக்கணும். அசைக்காம வச்சா இறுகிப்போகும். கை மரத்துப்போனா உடனே வந்துரு."

நான் பட்டை என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். அதற்குக் கிடைத்த மரியாதை அப்படி. வேனில் ஜன்னலோர சீட்டு, ஆபீசில் இருந்த இடத்துக்கே டீ. பத்து நாளும் கழற்றவில்லை. பயிற்சி ஒருவேளைகூடச் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "பட்டையோட பாத்தாகன்னா பிள்ளைக்கு ஏதோ குறைன்னுருவாக, கழட்டு" என்றாள் அம்மா. எனக்கும் சம்மதம்தான். புது நெக்லஸ் வெளியே தெரிய வேண்டாமா?

காப்பித் தட்டோடு வந்தேன். தலையைக் குனிய முடியவில்லை. மாப்பிள்ளையை நேருக்கு நேர் பார்த்தபடியே நடந்துவந்தேன். வேறு வழியில்லாமல் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அம்மா ஏதோ கேட்டபோது, மேசை விசிறி மாதிரி உடம்போடு திரும்பிப் பதில் சொன்னேன்.

அதுவரைகூடச் சமாளித்திருக்கலாம். "அத்தை கால்ல விழுந்து கும்பிடு" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

விழுந்தேன். நெற்றி தரையைத் தொட்டதும் கழுத்து பூட்டிக்கொண்டது.

"நல்லா இரும்மா, எந்திரி."

எந்திரிக்கவில்லை. கண்ணுக்கெதிரே அத்தையின் மெட்டி மட்டும் தெரிந்தது.

"எம்புட்டு மரியாதை!" என்று யாரோ வியந்தார்கள். அத்தை மறுபடியும் ஆசீர்வதித்தார். மூன்றாவது முறை குரல் மாறிவிட்டது. "ஏங்க, பிள்ளைக்கு மூச்சு இருக்கா பாருங்க!"

அம்மா தோளைப் பிடித்து இழுத்தாள். "அய்யோ கழுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் வேன், மினிலாரி, பட்டை எல்லாம் வெளியே வந்துவிட்டன.

"யாரும் இழுக்காதீக." மாப்பிள்ளை வந்து என் பக்கத்தில் மண்டி போட்டார். "ஒரு கையத் தலைக்கு முட்டுக் குடுங்க. அப்படியே பக்கவாட்டுல உருளுங்க. இப்ப மத்த கைய ஊன்றி எந்திரிங்க."

எழுந்து உட்கார்ந்தேன். தரையில் சிந்தியிருந்த காப்பி மூக்கில் ஒட்டியிருந்தது.

"பட்டை எத்தனை நாள் போட்டீக?"

"பத்து."

"எக்சர்சைஸ்?"

நான் நெக்லஸைச் சரிசெய்துகொண்டேன்.

"நானும் செய்யல" என்றார் மெதுவாக. "பைக்ல போறப்ப காரு முட்டி, இதே கதிதான். ஒரு மாசம் யாரு கூப்பிட்டாலும் முழுசாத் திரும்பி நின்னேன். இன்னும் லேசாப் பிடிப்பு இருக்கு."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மறைச்சது எங்க தப்புத்தான், மன்னிச்சிருங்க" என்றாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அத்தை என்னையும் தன் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவனுக்கு நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. இனி ரெண்டும் ஒண்ணா உக்காந்து கழுத்தத் திருப்பட்டும்."

திருப்பினோம். கல்யாணத்துக்குள் என் கழுத்து சரியாகிவிட்டது. இன்றும் எந்தக் காரில் ஏறினாலும், ஒவ்வொருவர் சீட்டிலும் தலைத்திண்டைத் தலை உயரத்துக்குத் தூக்கிவைத்த பிறகுதான் என் வீட்டுக்காரர் வண்டியை எடுக்க விடுவார்.

தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லோரும் அத்தை காலில் வரிசையாக விழுவார்கள். என் முறை வந்ததும் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்திவிடுவார்.

"நீ நின்னுக்கிட்டே கும்பிடு தாயி. அடுப்புல கறி கொதிக்குது, அம்புட்டு நேரம் நிக்க எனக்கு முடியாது."