பி குரூப்பின் காதுகள்

நோயாளிகள் தோன்றிய நாளிலிருந்தே உலகத்தில் நர்ஸுகளும் இருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் நோயாளியின் தொந்தரவு சிறிதும் இல்லாமல் நர்ஸ் தொழிலை அதன் பரிசுத்த வடிவில் நடத்திக் காட்ட முடியும் என்று கண்டுபிடித்த பெருமை தூத்துக்குடியையே சேரும். முத்தையும் உப்பையும் கொடுத்த கடற்கரை, எழுபத்தாறாம் வருடம் மனித குலத்துக்கு அளித்த மூன்றாவது கொடை இது. நெருக்கடி நிலையில் நாடு முழுவதும் வாய்கள் மூடியிருந்த வருடம் அது. ஆகவே காதுகளைப் பற்றி ஆராய்வதற்கு அதைவிடத் தோதான காலம் அமைந்திருக்காது.

இந்தக் கொடைக்குக் கருவியாக வாய்த்தவர் சிஸ்டர் ஜெபகனி. சொந்த ஊர் நாசரேத். துறைமுகச் சாலையில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு அவர் பொறுப்பு. அங்கே சங்கு குளிப்பவர்கள் அடிக்கடி வருவார்கள். முத்துக்குளிப்பு நின்றுபோய் வருடக்கணக்காகிவிட்டது. சங்குதான் மிச்சம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போகும்போது தண்ணீரின் அழுத்தத்தில் காதுச் சவ்வு கிழிந்துவிடும். கிழிந்த காதோடு மறுநாளும் முங்கினால் சீழ் வைக்கும், தலை சுற்றும், அப்புறம் கடல் பார்த்துக்கொள்ளும்.

இதற்கு ஜெபகனி வைத்திருந்த வைத்தியத்தில் விஞ்ஞானம் கொஞ்சமும் இல்லை. பஞ்சுத்திரியால் காதை ஒற்றி உலர்த்துவார். மருந்து விடுவார். காது ஆறும்வரை கடலில் இறங்காதே என்று அதட்டுவார். ஆனால் குளிப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதே சீழ் தோளில் வழிந்த பிறகுதான். கடற்கரையிலேயே ஒரு கொட்டகை போட்டு ஒரு நர்ஸை உட்கார வைத்தால் முதல் நாளே பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. சூப்பிரண்டெண்ட் டாக்டர் ராஜதுரையிடம் போய்ச் சொன்னார்.

"அருமையான யோசனை சிஸ்டர். ஆனா நீங்க சொல்லி கமிட்டி கேக்குமா?"

"அப்ப நீங்க சொல்லுங்க சார்."

"நான் குடலிறக்க டாக்டர்லா? காதப் பத்திப் பேசுனா சிரிப்பாங்க. காதுல ஆராய்ச்சி பண்ணுன ஒரு டாக்டர் சொல்லணும்."

டாக்டர் ராஜதுரை அப்போதுதான் அமெரிக்காவில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்திருந்தார். அங்கே நர்ஸுகள் டாக்டர் பட்டம் வாங்குவதைத் தம் கண்ணால் கண்டிருந்தார். நம் பக்கத்துப் பல்கலைக்கழகமும், தான் அமெரிக்காவுக்குச் சளைத்ததல்ல என்று காட்ட, 'உயர்நிலைச் செவிலியத்தில் முனைவர் பட்டம்' என்று ஒரு படிப்பை அறிவித்திருந்தது. பாடம் தயார், பட்டம் தயார், படிக்க ஆள்தான் கிடைக்கவில்லை.

"நீங்களே டாக்டர் ஆயிருங்க சிஸ்டர். நாந்தான் கைடு. பட்டம் கையில வந்த மறுநாள் கொட்டகை," என்றார்.

ஒரு கொட்டகைக்காக டாக்டர் பட்டம் வாங்கக் கிளம்பியவர் சரித்திரத்தில் ஜெபகனி ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு வயதில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தார்.

பல்கலைக்கழகத்தில் செவிலியம் அறிந்தவர் எவரும் இல்லாததால், ஆய்வுக் குழுவின் தலைமை விலங்கியல் பேராசிரியர் மந்திரமூர்த்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கு நியாயம் உண்டு. குளிப்பவர்கள் தேடிப் போவது சங்கை. சங்கு விலங்கியலைச் சேர்ந்தது. முதல் கூட்டத்திலேயே பேராசிரியர் விஷயத்தின் ஆழத்துக்குப் போய்விட்டார்.

"சங்கை உயிரோடதான் எடுக்காங்களா?"

"ஆமா சார்."

"அதுக்கு வலிக்குமா?"

"நான் ஆராயுதது குளிக்கிற ஆளுங்கள சார்."

"அதாம்மா சொல்றேன். நீங்க பிரச்சினைய ஒரு பக்கமாவே பாக்குறீங்க."

பேராசிரியருக்குத் தமிழிலும் ஈடுபாடு உண்டு. 'செவிலி' என்ற சொல்லைப் பலகையில் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டார். செவி, இலி. "செவி இல்லாதவள்! நோயாளி ஐயோ அம்மான்னு கத்துறதக் காதுல போட்டுக்காம, பாத்தத மட்டும் குறிச்சுக்கிறவதான் செவிலி. நம்ம முன்னோர்கள் ஆராய்ச்சி முறைய எவ்வளவு தெளிவா சொல்லி வச்சிருக்காங்க பாருங்க!"

டாக்டர் ராஜதுரை கைதட்டினார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெபகனி, நாசரேத் பள்ளிக்கூடத்தில் தனக்கு யாரும் இப்படித் தமிழ் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

மறுவாரமே வார்டு அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. நோயாளிகளைப் பற்றிச் சிந்திக்கும்போது நோயாளிகள் குறுக்கே வரக் கூடாதல்லவா? மாடியில் தனி அறை, மேசை மின்விசிறி, 'ஆய்வாளர்' என்று ஒரு பலகை. ஆண்கள் வார்டையும் பெண்கள் வார்டையும் ஒருசேரப் பார்க்கும் பாக்கியம் ஸ்டாஃப் நர்ஸ் சண்முகவடிவுக்குக் கிடைத்தது.

"யக்கா, நீங்க டாக்டராகி வாரதுக்குள்ள நான் பேஷண்ட் ஆயிருவேன் போல," என்றாள் சண்முகவடிவு படியில் மூச்சு வாங்கியபடி.

ஆய்வு முறையை டாக்டர் ராஜதுரையே வகுத்துக் கொடுத்தார். காது கிழிந்து வருபவர்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். 'ஏ' குரூப்புக்கு ஜெபகனியின் பஞ்சும் மருந்தும் அதட்டலும். 'பி' குரூப்புக்கு ஒன்றும் கிடையாது. வாராவாரம் கூப்பிட்டு, காதைப் பார்த்து, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

"பி குரூப்பையும் ஆத்திட்டா என்ன சார்?"

"ரெண்டும் ஆறிட்டா உங்க வைத்தியம் நல்ல வைத்தியம்னு எப்படி நிரூபிப்பீங்க? பி குரூப்பு கெடணும். அப்பத்தான் ஏ குரூப்புக்கு மதிப்பு. நீங்க பி குரூப்ப பாக்கலாம், தொடக் கூடாது."

ஜெபகனி அன்று இரண்டு தடவை கை கழுவினார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் கொட்டகை கண் முன்னால் நின்றது. ஒரு சீசன் பொறுத்துக்கொண்டால் அதற்கப்புறம் வருகிற எல்லாருக்கும் காது மிஞ்சும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

புன்னைக்காயலிலிருந்து வந்த சிலுவை என்பவனுக்குச் சீட்டில் 'பி' விழுந்தது. முப்பது வயதிருக்கும், இரும்பு உடம்பு, வலது காதில் சவ்வு கிழிந்திருந்தது. மருந்தில்லாமல் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் ஏமாற்றமடையவில்லை. தனக்கு ஏதோ தனி மரியாதை செய்வதாக எடுத்துக்கொண்டான். கரைக்குப் போய், "நோஞ்சானுவளுக்குத்தாம்ல மருந்து. நமக்குச் சும்மா பாத்தாலே போதும்னுட்டாக," என்று பெருமையடித்தானாம். ஏ குரூப்பைச் சேர்ந்த இரண்டு பேர் பொறாமைப்பட்டுத் தங்களையும் பி குரூப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வந்தார்கள்.

முதல் வாரம் சிலுவையின் காதில் நீர் கசிந்தது. ஜெபகனி எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் சீழ். எழுதிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் அவர் கேட்டதை அவன் இரண்டு முறை திருப்பிக் கேட்டான். அதையும் எழுதினார். டாக்டர் ராஜதுரை பார்த்துவிட்டு, "பிரமாதமா வந்துக்கிட்டிருக்கு சிஸ்டர்!" என்றார். காது போவதை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்த வைத்தியரை ஜெபகனி அதுவரை கண்டதில்லை.

பிறகு ஒருநாள் காலையில் சிலுவை சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தான். நெற்றியில் காயம். உட்கார்ந்ததும் சிரித்தான்.

"நேத்து ஒரு கூத்து சிஸ்டர். சங்கப் பெறக்கிட்டு மேல வாரேன்னுதான் கால ஒதைக்கேன். பாத்தா தல தரையில முட்டுது. மேல எங்கன, கீழ எங்கனன்னே பிடிபடல. கயித்துக்காரன் இழுத்தாம், வந்துட்டேன்."

"வலிக்கா?"

"ஆங்?"

"வலிக்கான்னு கேட்டேன்!"

"ராவுல தூங்க விடல சிஸ்டர். புள்ள அழுதா மட்டும் கேக்கல. அதுவரைக்கும் நல்லதுதான்," என்று மறுபடியும் சிரித்தான்.

அந்த நேரத்தில் ஓர் உண்மையான ஆய்வாளர் என்ன செய்திருக்க வேண்டும்? 'தலைச்சுற்றல் உண்டு' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஜெபகனி பேனாவைக் கையில் எடுக்கவும் செய்தார். மைதான் இறங்கவில்லையோ, கைதான் ஓடவில்லையோ, ஒரு எழுத்தும் விழவில்லை. எழுந்து போய்ப் படியில் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏளா வடிவு! பஞ்சுத் தட்ட எடுத்துட்டு வா. டூட்டி டாக்டர்ட்ட சொல்லி ஊசிக்கும் எழுதி வாங்கிரு."

தட்டோடு வந்த சண்முகவடிவு சிலுவையைப் பார்த்துத் தயங்கினாள். "யக்கா, இவரு பி குரூப்புல்லா?"

"தெரியும்ளா. வெளக்கப் பிடி."

இரண்டு வருடப் படிப்பு இதோடு போச்சு என்று ஜெபகனிக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் திரியைச் சுருட்டிக் காதுக்குள் விட்டதும் விரல்களுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. நான்காவது திரி நனையாமல் வந்தது. நான் சொல்லும்வரை கடலில் இறங்கக் கூடாது என்றார்.

"சீசன் போயிரும் சிஸ்டர்."

"சீசன் அடுத்த வருசமும் வரும்ல. நீ வருவியா?"

ஒரு குற்றம் செய்த கை சும்மா இருக்குமா? பி குரூப்பு முழுவதையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தொட்டுவிட்டார். இத்தனை நாள் சும்மா பார்த்த பாவத்துக்கு அவர்களை ஏ குரூப்பைவிட அதிகமாகவே கவனித்தார். சீசன் முடிவதற்குள் ஏ குரூப்பும் ஆறிவிட்டது. பி குரூப்பும் ஆறிவிட்டது. ஒரு ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய கேடு வர முடியாது.

செய்தி கேட்டு டாக்டர் ராஜதுரை நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "எல்லாருமே பொழைச்சிட்டா ஆராய்ச்சி எப்படிப் பொழைக்கும்? சரி, நடந்தது நடந்துபோச்சு. பி குரூப்புல பாதிப் பேருக்குக் காது போயிட்டுன்னு எழுதிருவோம்."

"அவங்களுக்குக் கேக்குதே சார்."

"எழுதுறது இங்கிலீஷ்ல. அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

ஜெபகனி அப்படி எழுதவில்லை. பி குரூப்பும் தேறியது என்று உள்ளதை உள்ளபடியே எழுதி, எப்படித் தேறியது என்பதையும் ஓர் அத்தியாயமாக வைத்தார். வழிகாட்டி, வழிகாட்டிகளின் மரபுப்படி, படிக்காமல் கையெழுத்திட்டார். தேர்வாளர்களும் அந்த மரபை மீறவில்லை.

வாய்மொழித் தேர்வு ஆஸ்பத்திரிக் கூட்ட அறையிலேயே நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது விதி. சிஸ்டரை ஏதோ விசாரணை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சிலுவை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மேடையில் பேராசிரியர் மந்திரமூர்த்தியும், சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளரும், டாக்டர் ராஜதுரையும். ஜெபகனி காதுச் சவ்வைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, சென்னைத் தேர்வாளர் மந்திரமூர்த்தியின் பக்கம் சாய்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் உண்டா என்று விசாரித்தார்.

"உண்டு சார்!" என்றது கடைசி வரிசை. "சீலா. காலம்பற நாந்தான் கொண்டாந்து குடுத்தேன்."

தேர்வாளர் திடுக்கிட்டார். "யார் அது?"

சிலுவை எழுந்து நின்றான். "பி குரூப்பு சார்."

"பி குரூப்பா? பி குரூப்புக்குக் காது கேக்கக் கூடாதே!"

டாக்டர் ராஜதுரை குனிந்து, தேர்வாளர் காதோடு காதாக, "உதட்டசைவப் பாத்துச் சொல்றான் சார்," என்றார்.

"இல்ல சார்," என்றான் சிலுவை அங்கிருந்தபடியே. "நல்லாவே கேக்கு. இப்ப நீங்க உதட்டப் பத்திச் சொன்னதும் கேட்டுது."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். ஆய்வேட்டை முதல்முறையாகத் திறந்து, பக்கங்களைப் புரட்டினார். பிறகு ஜெபகனியை நிமிர்ந்து பார்த்தார்.

"இவரத் தொட்டீங்களா?"

"தொட்டேன் சார்."

"இவர மட்டுமா?"

"எல்லாரையும்."

"ஏன்?"

"வலிக்குன்னு சொன்னாங்க சார்."

"அது தரவும்மா! தரவு!"

"எனக்கு அது வலின்னுதான் பட்டுது சார்."

சிலுவை தன்னால்தான் ஏதோ கெட்டுப்போச்சு என்று புரிந்து தலையைக் குனிந்துகொண்டான்.

பல்கலைக்கழகம் இரக்கமில்லாததல்ல. பேராசிரியர் மந்திரமூர்த்தி ஒரு வழி சொன்னார். அடுத்த சீசனில் புதிய காதுகளை வைத்து ஆய்வைத் திரும்பச் செய்யலாம். இம்முறை பி குரூப்பைத் தொடமாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும்.

"அப்ப அந்தக் கொட்டகை சார்?" என்று கேட்டார் ஜெபகனி.

"டாக்டர் யாராவது சிபாரிசு பண்ணுனா பரிசீலிக்கலாம்."

டாக்டர் ராஜதுரை எழுந்து அவர் பக்கத்தில் வந்தார். "ஒரே ஒரு சீசன் சிஸ்டர். கண்ண மூடிக்கிட்டு முடிச்சிருங்க."

"காதையும்லா மூடணும் சார்," என்று சொல்லிவிட்டு ஜெபகனி படியிறங்கி வார்டுக்குப் போனார். அங்கே சண்முகவடிவு ஒரு கையில் சலைன் பாட்டிலோடும் மறு கையில் ஒரு நோயாளியின் பிள்ளையோடும் நின்றுகொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் பிள்ளையை நீட்டினாள்.

கொட்டகை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபகனி பஸ் பிடித்துப் புன்னைக்காயலுக்குப் போவார். அங்கே கோயில் வளாகத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காது பார்ப்பார். சிலுவை வரிசையை ஒழுங்குபடுத்துவான். டாக்டர் பட்டம் இல்லாத மரத்தடி அது. ஆகவே எந்தப் புள்ளிவிவரத்திலும் சேராது.

பல்கலைக்கழகத்தின் தீர்ப்பு சில வாரங்கள் கழித்து வந்தது. உயர்கல்வியின் பெருமையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்பதால் அதை அப்படியே தருகிறோம்: "ஆய்வாளர் ஆய்வுக் காலம் முழுவதும் ஒரு நர்ஸைப் போலவே நடந்துகொண்டது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளது. எனவே இவருக்குச் செவிலியத்தில் முனைவர் பட்டம் வழங்க இயலாது."