சும்மா இருந்த பெட்டியை நிறுத்திய விவரம்

ஆம்பூர்,
21.10.2007, ஞாயிறு

அன்பு மகள் கெசியாவுக்கு, அப்பா கிருபானந்தம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும், அம்மாவின் இடது முழங்கால் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தையும், பெங்களூரில் உன் பொறுப்பிலுள்ள கம்ப்யூட்டர்களின் சுகத்தையும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவிடுகிறாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

சிங்கப்பூர் வேலைக்குச் சரி என்று சொல்லட்டுமா, மாதக் கடைசிக்குள் பதில் தர வேண்டும், நீங்கள் சொல்லாமல் போகமாட்டேன் என்று கேட்டிருந்தாய். இது முழுக்க முழுக்க உன் விருப்பம். குறுக்கே நிற்கிற அப்பா நான் அல்ல. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை நீ பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவது நின்றுபோகும் என்பதை நான் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீ முடிவெடுக்குமுன், நம் ஷூ கம்பெனியில் நீ அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன சர்வர்களுக்கு வெள்ளிக்கிழமை நேர்ந்ததைத் தெரிவிப்பது ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் என்ற முறையில் என் கடமை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

முன்பு நம் ஏசி அறையில் பதினோரு கம்ப்யூட்டர்கள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. நீ அவற்றையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு இரண்டே பெட்டிகளை வைத்தாய். "பதினொண்ணும் இந்த முதல் பெட்டிக்குள்ளதான்பா இருக்கு. ஒவ்வொண்ணும் தான் மட்டும் தனியா இருக்கிறதா நெனச்சுக்கும்" என்றாய். எனக்கு அது உடனே விளங்கிற்று. எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வளர்ந்தவன் நான். ஒவ்வொருவனும் வீட்டில் தான் ஒருத்தன்தான் என்று நினைத்துத்தான் சாப்பிட்டான். இரண்டாவது பெட்டி சும்மா இருக்கும், முதலாவதுக்கு ஏதாவது ஆனால் உதவிக்கு வரும் என்றும் சொன்னாய். பிறகு அறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "அப்பா, எதையும் தொடாதீங்க" என்றாய். நான் தொடவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் தொடவில்லை.

சனிக்கிழமை ஆயுத பூஜை விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை மத்தியானமே கம்பெனியில் பூஜை. வழக்கம்போல் தையல் பகுதி சூப்பர்வைசர் கெங்கம்மாள்தான் பொறுப்பு. மிஷின் ஒன்றுக்கு ஒரு பொட்டு, ஒரு பூச்சரம், ஒரு எலுமிச்சம்பழம், பொட்டு வாங்காத மிஷின் வருஷம் முழுக்க முரண்டு பிடிக்கும் என்பது அந்த அம்மாளின் கணக்கு. காலையிலேயே வந்து, கம்ப்யூட்டர் ரூமில் எத்தனை என்று கேட்டார். நான் உண்மை பேசுகிறவன். பதினொன்று என்றேன். மத்தியானம் பதினோரு எலுமிச்சம்பழத்தோடும் பத்துப் பன்னிரண்டு பெண்களோடும் உள்ளே வந்தவர், பெட்டிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டுதான் கீது. மீதி எங்க?"

"உள்ளே இருக்குதும்மா. கண்ணுக்குத் தெரியாது."

நான் இதை அவருக்கு விளக்கத் தயாரானேன். அவசியப்படவில்லை. "கண்ணுக்குத் தெரியாதத நம்பறதுக்கு எங்களுக்கு நீங்க சொல்லித் தரணுமா?" என்று சொல்லிவிட்டு, பதினோரு பழத்தையும் முதல் பெட்டியின் தலைமேல் வரிசையாக அடுக்கிவிட்டார். கூட வந்த பெண்களில் ஒருத்தி, "உங்க மிஷினுக்கு மட்டும் ஏசி, எங்க தலைக்கு மேல ஓடற ஃபேனுக்கு எண்ணெ போடக்கூட ஆளில்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒருவரும் வெளியே போகவில்லை, ஏசி நன்றாக இருந்தது. சந்தனம் காற்றுத் துவாரத்தில் படாமல் நான் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு நின்றேன். சபைக் கமிட்டியில் இருப்பவன் இப்படி நிற்கலாமா என்பதைப் பற்றி சபைப் போதகர் ஐயரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கெங்கம்மாளின் காதில் அந்த இரைச்சல் விழுந்தது. "ஓடிக்கினே கீதே சார்! ஓடிக்கினு கீறதுக்குப் பொட்டு வெச்சா அது இன்னா பூஜை? நிறுத்துங்க. வருஷத்துக்கு ஒரு நாளு அதுவும்தான் கொஞ்சம் படுக்கட்டுமே." நான் மறுத்தேன். "எங்க மிஷினெல்லாம் நிக்குதில்ல? இதுங்க மட்டும் இன்னா கலெக்டர் வூட்டுப் புள்ளைங்களா?" என்றார். கேட்டில் ஜெர்மனிக்குப் போகிற சரக்கோடு கண்டெய்னர் லாரி நிற்கிறது, அதற்குக் காகிதம் அச்சாக வேண்டும் என்றேன். "எதனா ஒண்ணயாவது நிறுத்துங்க சார், மனசுக்குத் திருப்தியா இருக்கும்" என்று இறங்கி வந்தார். நியாயமாகத்தான் பட்டது. யாரையாவது கேட்கலாம் என்றால், நீ போன பிறகு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற நயீம் அகமது ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். முதலாளி வாஹித் பாஷாவும் அங்கேதான். ஆகவே நானே யோசித்தேன். முதல் பெட்டியில் பதினொன்று இருக்கின்றன, அதைத் தொடக் கூடாது. இரண்டாவது சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதை நிறுத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்? இதில் எங்கே பிசகு என்று நீயே சொல். இரண்டாவது பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அது ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிற்று. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கெங்கம்மாள் கற்பூரம் காட்டினார்.

கற்பூரம் அணைவதற்குள் கம்பெனி நின்றுவிட்டது. கேட்டில் விரல் வைக்கிற வருகைப் பதிவு நின்றது. குடோனில் தோல் கணக்கு நின்றது. ஜெர்மனிக்காரனின் காகிதம் பிரிண்டரிலிருந்து பாதி வெளியே வந்து, மேற்கொண்டு வர மனமில்லாமல் தொங்கிற்று. முதலாளி தலையில் தொப்பியோடு நேரே ஏசி அறைக்கு வந்தார்.

"கிருபா சாப், இன்னா செஞ்சீங்க?"

"சும்மா இருந்த பெட்டியை நிறுத்தினேன்."

"சும்மா இருந்தத நிறுத்தினதுக்கா கேட்டு வரைக்கும் படுத்துக்கிச்சு? லாரிக்காரன் பேஜார் பண்றான் சாப். கப்பல் நமக்காக நிக்காது."

பின்னாலேயே ஓடி வந்த நயீம்தான் விஷயத்தைச் சொன்னான். முதல் பெட்டியின் விசிறியில் ஏதோ சத்தம் கேட்டதாம். அதனால் வியாழக்கிழமையே பதினொன்றையும் இரண்டாவது பெட்டிக்கு மாற்றிவிட்டு, விசிறி சரியாகும் வரை முதல் பெட்டி உதவிக்கு வராதபடியும் வைத்திருந்தானாம். "ஓடிக்கினு இருக்கும்போதே மாத்தினேன் அங்கிள். எல்லாரும் வேலை செஞ்சிக்கினுதான் இருந்தாங்க, ஒருத்தருக்கும் தெரியல" என்றான் பெருமையாக. ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவன் உட்கார்ந்திருக்கும் வீட்டை உருவிவிட்டு வேறு வீட்டைச் செருகுவது உங்கள் தொழிலில் நடக்கும் என்று நீ எனக்குச் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒரு மிஷின் எங்கே என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டலாம். இப்போது விரலை நீட்டினால் அது நேற்றைக்கு இருந்த இடம்.

மறுபடி கிளப்புவது அதைவிட விசேஷம். பெட்டிக்குள்ளே நுழைய வேண்டுமானால் நாம் இன்னார்தான் என்று ஒரு சர்வர் சாட்சி சொல்ல வேண்டுமாம். அந்தச் சாட்சி அதே பெட்டிக்குள் தூங்குகிறது. பீரோவைப் பூட்டி, சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்த மாதிரி. நான் நயீமிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன், "இது கெசியா வந்தால்தான் ஆகும்" என்று. ஆகவே மகளே, முடிவு உன்னுடையது. ஆனால் கூப்பிட்டால் ரயிலேறி அன்றைக்கே வந்து இறங்கக்கூடிய ஒரே ஆள், ஏரோப்ளேன் ஏறிப் போகிற தூரத்துக்குப் போய்விட்டால், இத்தனை குடும்பங்கள் பிழைக்கிற ஒரு கம்பெனியின் கதி என்ன என்பதை அமைதியாக யோசித்துப் பார். நான் நடுநிலையில்தான் இருக்கிறேன்.

போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. உன் அறைத் தோழிக்கு எங்கள் அன்பைச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

உனக்காக ஜெபிக்கும்,
அப்பா

பி.கு.: கவரை ஒட்டுமுன் அம்மா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "ஏங்க, அப்புறம் அது ஓடிச்சே, அத எழுதவே இல்லியே?" என்கிறாள். கடிதம் நீண்டுவிட்டது என்றேன். "அவ பயந்துக்கினு ரயிலேறிடப் போறா, எழுதுங்க" என்று பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதுகிறேன். ஓடிற்று. லாரி டிரைவர் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் பதினொன்றும் ஓடின. இப்படி ஒருநாள் நடக்கலாம் என்று, சாட்சியில்லாமல் நேரே நுழைகிற வழியையும், எதை முதலில் எழுப்ப வேண்டும், எதை அப்புறம் எழுப்ப வேண்டும் என்பதையும் நீ போகும்போதே நயீமுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். கண்டெய்னர் புறப்பட்டதும் முதலாளி என் தோளைத் தட்டி, "உங்க பொண்ணு பலே கெட்டிக்காரி சாப். தான் இல்லாமலே ஓடற மாதிரி செஞ்சுட்டுப் போயிருக்கு" என்றார். நன்றி சொன்னேன். ஆனால் என் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, அது அப்படியொன்றும் கேட்கச் சந்தோஷமான வார்த்தையாக இல்லை.

அன்று சாயங்காலம் நயீம்தான் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டான். அம்மா அவனை நிற்க வைத்து, "ஏம்பா, ஓடிக்கினு இருக்கும்போதே யாருக்கும் தெரியாம வேற எடத்துக்கு மாத்தறேன்றியே, அது மனுஷங்களுக்கு ஆவுமா?" என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "அது இன்னும் வரல ஆன்ட்டி" என்றான். "அப்போ அவ போனா நமக்குத் தெரியத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவனுக்கு டீ போடப் போனாள்.

மேலே கம்பெனியின் கதியைப் பற்றி எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாதே. சரி என்று எழுதிப் போட்டுவிடு. போட்டதும் எனக்குப் போன் செய்ய வேண்டாம், அம்மாவுக்குச் செய். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.