ரெகுலேட்டர் எபிசோடு

"யாழினி உலை வெக்கறதா வேண்டாமான்னு அடுப்புக்கு முன்னால நிக்கறா. அதோட தொடரும் போட்டுட்டாங்க" என்றாள் விமலா.

"வெக்கக் கூடாது!"

நவநீதகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக் கண்ணாயி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

செம்மேட்டில் நாடகம் பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிடுகிறவர் அவர் ஒருவர்தான். ராசிபுரத்திலிருந்து மாற்றலாகி மலைக்கு வந்த அரசு அலுவலக உதவியாளர். மேலதிகாரி முன்னால் இருமுவதற்குக்கூட யோசிப்பார். ஏழரை மணி ஆகிவிட்டால் டிவி முன்னால் நீதிபதி. அழுகிற நடிகையைப் பார்த்து, "கண்ணுல தண்ணியக் காணோம், மூக்க மட்டும் உறிஞ்சறா" என்பார். காமெடி நிகழ்ச்சி வந்தால், "சிரிப்புச் சத்தத்தையும் அவங்களே போட்டுக்கறாங்க. அப்புறம் நாம எதுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் அடித்த காற்றில் மாடியிலிருந்த டிஷ் கவிழ்ந்து தரையைப் பார்த்துவிட்டது. சரிசெய்ய, கீழே காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ராசப்பன் வர வேண்டும். அவரோ 'நாளைக்கு வாரேனுங்க' என்பதையே பாட்டாகப் படித்துக்கொண்டிருந்தார். அதே ஊரில்தான் விமலாவின் அம்மா வீடு. அங்கிருந்து தங்கை சங்கீதா நாடகம் முடிந்ததும் போனில் சொன்னதாக, விமலா கதையைச் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினாள்.

கேட்க இரண்டு பேர். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று ஆடியில் வந்து, மார்கழிக் குளிரையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கோகிலவாணி, விமர்சனத்தில் தம்பிக்கு இளைத்தவள் இல்லை.

"அவ உலை வெக்காம நிக்கற அளவுக்கு மாமியாக்காரி இன்னிக்கு என்ன பண்ணுனா?" என்றாள் அக்கா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"யாழினியோட பொடவையெல்லாம் அள்ளிக் கட்டல்ல எறிஞ்சுட்டு, பீரோவுல தன்னோட துணிய அடுக்கிட்டாங்க அண்ணி. புருசன் பிரகதீஷ் பாத்தான். 'அம்மா செஞ்சா காரணம் இருக்கும்'னுட்டுப் போயிட்டான்."

"இடி மியூசிக் போட்டாங்களா?"

"போட்டாங்க. அவ மூஞ்சியத் திரும்பத் திரும்பக் காட்டுனாங்க."

"அவனெல்லாம் ஒரு ஆம்பளையா?" நவநீதகிருஷ்ணன் சோற்றுக் கையை ஓங்கினார். "நாளைக்கு அந்த ஊட்டுல ஒரு பருக்கை வேகக் கூடாது. வயிறு காஞ்சாத்தான் அவனுக்குப் புத்தி வரும்!"

"அப்படிங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு விமலா ரசம் ஊற்றினாள்.

மறுநாள் ஆபீஸ் வேலையாக ஆலத்தூர் நாட்டுக் கிராமங்களில் மிளகுத் தோட்டங்களை ஏறி இறங்கிவிட்டு மத்தியானம் வீடு வந்தவருக்குப் பசியில் கண் இருட்டியது. அடுப்போ சில்லென்று கிடந்தது.

"தலவலிங்க" என்றாள் விமலா. பன் பாக்கெட்டைக் காலி செய்துவிட்ட அக்கா, உறையை மட்டும் தம்பிக்குக் காட்டினாள்.

டீக்கடையில் இதைக் கேட்ட சக ஊழியர் பெஞ்சமின் ஊதிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "சார், நாடகத்துல அவ உலை வெக்கல. உங்கூட்டுலயும் வெக்கல. இதுக்குத்தான் நான் அந்தக் கருமத்தப் பாக்கறதே இல்ல. நாளைக்கு அவ பொட்டியத் தூக்கிட்டா, உங்க கதி?"

நவநீதகிருஷ்ணன் இன்னொரு டீ சொன்னார்.

"ஆனா உங்கூட்டு அம்மா கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கும் சார்" என்று பெஞ்சமினே பேச்சை மாற்றினார். "நாங்கல்லாம் சாப்பிட வந்தப்ப, 'ரசத்துல மெளகு போட்டியா, மெளகுக் கொடிய நனச்சு எடுத்தியா'ன்னு கேட்டீங்களே! நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன்."

"அது சும்மா தமாசுக்கு" என்றார் நவநீதகிருஷ்ணன், பாராட்டை ஏற்றுக்கொள்ளும் குரலில்.

அன்று சாயங்காலம் முதல் வேலையாகப் பீரோ மேல் பார்த்தார். விமலாவின் பெட்டி தூசியோடு அங்கேயே இருந்தது. மூச்சு வந்தது. இனி யாழினியைத் தணிக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்து, ராத்திரி கதை கேட்க உட்கார்ந்தார்.

"பாவம், அந்தப் புள்ள கொஞ்சம் பொறுத்துப் போலாம் விமலா. குடும்பம்னா..."

"நானும் அதத்தான் நெனச்சேனுங்க. ஆனா இன்னிக்கு விருந்தாளிங்க முன்னால பிரகதீஷ், 'சாம்பார்ல பருப்பத் தேட டார்ச்லைட்டு கொண்டா'ன்னுட்டான். அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவ கரண்டியோட நின்னா."

நவநீதகிருஷ்ணன் பல்லைக் கடித்தார். அடக்கிப் பார்த்தார். உள்ளேயிருந்த விமர்சகர் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"பேசப்படாது! அவங்கிட்ட ஒத்த வார்த்த பேசப்படாது! ஊமையாட்டம் இருந்தாத்தான் அவனுக்கு உறைக்கும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். விடிந்ததிலிருந்து விமலாவின் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. காபி வந்தது. "சக்கரை?" என்றார். டப்பா வந்து டக்கென்று உட்கார்ந்தது.

பயந்து போனவர், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பஸ் ஸ்டாண்டு மூலைக்கு ஓடிச் சங்கீதாவைப் பிடித்தார். "கண்ணு, இன்னிக்கு யாழினி சமாதானமாயிட்டான்னு கதைய மாத்திச் சொல்லிரு சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"கதையா? எந்தக் கதைங்க மாமா?"

மேகம் இறங்கியது. சிக்னல் போயிற்று. 'அக்காவும் தங்கச்சியும் கூட்டு' என்று பொருமியபடி ராசப்பனுக்குப் போன் அடித்தார். அதிர்ஷ்டம், சிக்னல் ஒரு மூச்சு திரும்பி வந்தது. "நாளைக்கு முதல் பஸ்ஸுல நீ வரல, நானே கூரைல ஏறிக் குதிச்சிருவேன்!"

"ஐயோ, வேண்டாங்க சார், வாரேனுங்க!"

தொடரைத் தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, காட்சிக்குக் காட்சி விமலாவுக்கு நல்ல புத்தி சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. அதற்கு ஒரு சாயங்காலம் தாண்ட வேண்டியிருந்தது. விமலா அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அக்காவிடம் மட்டும் கதை சொன்னாள்.

"யாழினி பொட்டியக் கீழ எறக்கித் தொடச்சு வெச்சுட்டா அண்ணி. போறதா வேண்டாமான்னு யோசிக்கறா."

"போகோணும்!" தரையில் அடித்தாள் அக்கா. "சும்மா போகப்படாது. கேஸ் ரெகுலேட்டரக் கழட்டிப் பைல போட்டுட்டுப் போகோணும். ஆத்தாளும் மவனும் தீக்குச்சியக் கையில வெச்சுட்டு உக்காரட்டும்!"

வேண்டாம் வேண்டாம் என்று நவநீதகிருஷ்ணனின் மனசு கதறியது. ஆனால் அப்படியொரு காட்சி! "அக்கா, பிரமாதமான எபிசோடு!" என்று சொல்லியேவிட்டார்.

விமலா முதல் முறையாகத் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனவர், முதல் பஸ்ஸை விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கிய ராசப்பனைக் கையோடு இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதவு விரியத் திறந்திருந்தது. அடுப்புக்கு முன்னால் அக்கா தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, அடுப்பு பத்தவே மாட்டேங்குது."

சிலிண்டர் மொட்டையாக நின்றது.

நவநீதகிருஷ்ணன் படுக்கையறைக்குப் பாய்ந்தார். பீரோ மேல் பெட்டி இருந்த இடத்தில் தூசிக்கு நடுவே சதுரமாக ஒரு சுத்தம். என்னென்ன புடவை எடுத்துப் போயிருக்கிறாள் என்று பீரோவைத் திறந்தார். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை அக்காவின் துணி.

அதைப் பற்றி யோசிக்க அவருக்கு அப்போது நேரம் இல்லை.

"ராசப்பா, சீக்கிரம்! யாழினி திரும்பி வாராளான்னு இன்னிக்குத் தெரிஞ்சே ஆகணும். அவ வந்தாத்தான் இவ வருவா!"

ராசப்பன் ஏறினார், திருப்பினார், முடுக்கினார். சாயங்காலம்வரை மேகத்தோடு மல்லுக்கட்டி ஒருவழியாகப் படம் வந்தது. ஏழரை அடித்தது. நவநீதகிருஷ்ணன் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தார். வெறும் வயிற்றோடு அக்கா பக்கத்தில்.

யாரோ ஒருவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான். டிவி தானே கெக்கெக்கே என்று சிரித்தது.

"சேனல மாத்திட்டயா? ஏழரை நாடகம் எங்கய்யா?"

ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டே ராசப்பன் சொன்னார்: "அது உங்க டிஷ்ஷு சாஞ்ச வாரமே சுபம் போட்டு முடிஞ்சுருச்சுங்களே சார்… நான் சரிபண்ண வாரேன்னப்பவெல்லாம் உங்கூட்டு அம்மாதான், 'இப்ப வேண்டாங்க, எங்கூட்டுக் கதை இன்னும் முடியல'ன்னு சொல்லீட்டாங்க."