நாற்பது தடவை மணி அடித்தவன்

ஒரு வெள்ளைக்காரன் என்னைக் கொல்வதற்காகவே கடல் தாண்டி வந்து, மதுரையில் பஸ் பிடித்து, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கப்போகிறான் என்று நான் ஐந்து நாள் நம்பினேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோவும் வாங்கியிருந்தேன். (டிப்ளமோவைத் திருப்பி வாங்கிக்கொள்ள இதுவரை யாரும் வரவில்லை.)

வருஷம் தொண்ணூற்றெட்டு. தென்காசி ரோட்டில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. எட்டு மாதமாக புரொபேஷன். அந்த மாதக் கடைசியில் ஒன்று நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. அப்பா தினமும் வாசலில் மறித்துக் கேட்பார்.

"ஆர்டர் குடுத்துட்டாங்களாலே?"

"இன்னும் இல்லப்பா."

"சட்டய உள்ள விட்டுட்டுப் போ."

சட்டையை உள்ளே விட்டால் ஆர்டர் வெளியே வரும் என்பது அவர் நம்பிக்கை.

மில்லுக்கு இன்டர்நெட் புதிதாக வந்திருந்தது. ஏற்றுமதிக் கடிதங்களுக்காக வாங்கியது. மத்தியானம் ஒரு மணிக்கு நான் மோடத்தில் மதுரைக்கு டயல் பண்ணி, கடிதங்களை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை லைனில் காத்திருக்க வேண்டும். மேனேஜர் ராஜு சார் அந்நேரம் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பார். தனியாகக் காத்திருக்கிறவன் என்ன செய்வான்? கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றின் மூலையில் ஒரு விளையாட்டின் முகவரி போட்டிருந்தார்கள். அதை அடித்துப் பார்த்தேன்.

இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்த விளையாட்டில் படமே கிடையாது. எல்லாம் எழுத்து. 'நீ ஒரு சதுக்கத்தில் நிற்கிறாய். வடக்கே சந்தை. தெற்கே கிணறு' என்று இங்கிலீஷில் ஓடும். 'வடக்கு' என்று அடித்தால் சந்தைக்குப் போவோம். அதே சதுக்கத்தில், எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பவர்களும் நிற்பார்கள். அவர்களோடு பேசலாம், சண்டை போடலாம், ஓநாயைக் கொல்லலாம்.

உள்ளே போனதும் பெயர் கேட்டது. கொடுத்தேன். 'உன்னைப் பற்றி விவரி' என்றது. மற்றவர்கள் 'நெருப்பு போன்ற கண்கள், தோளில் கழுகு' என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் அதுவரை பதினேழு கம்பெனிகளுக்கு வேலை கேட்டு மனுப் போட்டவன். கை தன்னால் ஓடியது. எஸ். குருசாமி. தகப்பனார் பெயர் சுப்பையா. உயரம் ஐந்தடி நாலு அங்குலம். மாநிறம். திருமணம் ஆகவில்லை. தற்போதைய முகவரி. நிரந்தர முகவரி. (இரண்டும் ஒன்றுதான், ஆனாலும் இரண்டு தடவை எழுதினேன்.) அடையாளம்: பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பச்சை கேட்.

அந்தச் சதுக்கத்தில் என் பக்கம் திரும்பிப் பார்க்கிற ஒவ்வொருவர் திரையிலும் இது முழுதாக ஓடியிருக்கிறது.

இன்னொரு கோளாறும் உண்டு. மில்லில் டெலக்ஸ் அடித்துப் பழகிய கை, அதனால் எல்லாமே பெரிய எழுத்து. பெரிய எழுத்தில் அடித்தால் அங்கே கத்துவதாக அர்த்தமாம். எனக்கு யார் சொன்னார்கள்? 'டியர் சார், சந்தைக்குப் போகும் வழியைத் தயவுசெய்து தெரியப்படுத்தவும், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள' என்று நடுச் சதுக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். ஓநாய் வந்தபோதும் டியர் சார் என்றுதான் ஆரம்பித்தேன். (கடித்தது.)

செவ்வாய்க்கிழமை, பழைய ஆட்கள் மூன்று பேர் என்னைச் சூழ்ந்தார்கள். அவர்கள் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"புது ஆளா?"

"யெஸ் சார்."

"கிணற்றடியில் ஒரு மணி இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதை அடிக்க வேண்டும்."

"எத்தனை தடவை சார்?"

இப்படி ஒரு கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். பிறகு ஒருவன் "நாற்பது" என்றான்.

எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். மில்லில் என் முதல் நாள், எலெக்ட்ரீஷியன் ஷாஜகான் என்னிடம், "ஸ்டோர்ஸ்ல போயி சத்தம் அளக்குற டேப் வாங்கிட்டு வாலே" என்று அனுப்பினான். ஸ்டோர்ஸ்காரர் முகம் மாறாமல், "முக்கால் இஞ்சா, ஒரு இஞ்சா? கேட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். மூன்று நடை நடந்தேன். நாலாவது நடையில் எல்லாரும் சிரித்துவிட்டு, எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துத் தங்கள் பெஞ்சில் இடம் விட்டார்கள். அதே நான்தான் எட்டு மாதம் கழித்துக் கிணற்றடிக்குப் போய் நாற்பது தடவை மணி அடித்தேன். எண்ணி அடித்தேன். இருபத்தாறில் சந்தேகம் வந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

அங்கே மணி அடித்தால் விளையாடுகிற எல்லார் திரையிலும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது: 'மணி அடித்தவனைத் தேடிப் பிடிக்க வேட்டைக்காரன் புறப்பட்டுவிட்டான். எங்கே ஒளிந்தாலும் விடமாட்டான்.'

மறுநாள் புதன்கிழமை, வேட்டைக்காரனே வந்தான். அவனைப் பார்த்தேன், அதாவது படித்தேன்: 'உயரமானவன். சிவந்த முகம். ஒரு கை எப்போதும் தோல் பைக்குள் இருக்கும்.' என் காதில் மட்டும் சொல்வது போல் ஒரு வரி அனுப்பினான்.

"பச்சை கேட் எனக்குத் தெரியும். நாளை இதே நேரம் உன்னைப் பிடிப்பேன். எங்கும் போகாதே."

மோடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஏற்றுமதிக் கடிதம் ஒன்று பாதியில் நின்றது. ஷாஜகானிடம் ஓடினேன். அவன் டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகக் கேட்டான்.

"ஏலே, வெளாட்டுதான லே?"

"அட்ரஸ் தெரியும்ங்கான்டா."

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் குடுத்தேன்."

"நிரந்தர முகவரியா, தற்போதயதா?"

"ரெண்டும்."

ஷாஜகான் கொஞ்சம் யோசித்தான். அவன் முகத்தில் கவலை என்று நான் நினைத்தது, சிரிப்பை அடக்கியது. "வெள்ளக்காரன் நாளைக்கின்னா நாளைக்கு வந்துருவான் பாத்துக்கோ. நம்மாளுன்னா ரெண்டு நாள் தள்ளிப்போகும்" என்றான்.

அன்று வீட்டில் கணக்குப் போட்டேன். எங்கிருந்தோ விமானத்தில் மெட்ராஸ். அங்கிருந்து மதுரை. மதுரையிலிருந்து பஸ் இரண்டரை மணி நேரம். கிருஷ்ணன்கோவிலில் டீக்கு நிறுத்தினால் பத்து நிமிஷம் கூட. ஒரே நாளில் வர முடியாது என்றுதான் கணக்கு சொன்னது. அப்படியானால் நேற்றே கிளம்பிவிட்டான் என்று முடிவு செய்தேன். (கணிதப் பட்டதாரி.)

வியாழக்கிழமை காலை ராஜு சார் கூப்பிட்டார். நல்ல மனுஷன், கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தெலுங்குக்குப் போய்விடுவார்.

"குருசாமி, மத்தியானம் ஒரு மணிக்கு ஃபாரின்காரர் ஒருத்தர் வாரார். நேரா உன்னயத்தான் பாக்கணும்னு சொல்லியிருக்கார். எங்கயும் போயிராத."

வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"ஆளு எப்படி சார் இருப்பாரு?"

"நான் பாத்ததில்ல. ஒசரமா இருப்பார்னு ஏஜென்ட் சொன்னார். ஏன்?"

நூலைக் கோனில் சுற்றும் புது மெஷின் ஒன்று வந்திறங்கியிருந்தது எனக்கும் தெரியும். அதை மாட்டிவிட ஜெர்மனியிலிருந்து எஞ்சினியர் வருவது தெரியாது. அந்தப் பேச்செல்லாம் கோயமுத்தூர் ஏஜென்ட் மூலம் ஃபேக்ஸில் நடந்தது. சாரைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். நான் கேட்டது பாத்ரூம் போக அனுமதி. போனவன் பின்பக்கக் கேட் வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

ஓடினால் வேலை போகும் என்பது தெரிந்தே ஓடினேன். வேலை இல்லாதவன் உயிரோடு இருக்கலாம், நிரந்தரமான பிணத்துக்குச் சம்பளம் கிடையாது என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீடு. கதவைத் திறந்ததும் சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னலே, மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்கு?"

"ஒரு வெள்ளக்காரன் என்னயக் கொல்ல வாரான் சித்தி."

"எதுக்கு?"

"மணி அடிச்சேன்."

"கோயில்லயா?"

"இல்ல, கிணத்தடில."

"எத்தன தடவ?"

"நாப்பது."

"அப்போ கோவம் வரத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போனாள்.

மூன்று நாள் வெளியே தலை காட்டவில்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்தால்கூடப் பின்கட்டுக்குப் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை சித்திக்குப் பொறுமை போனது. "எம்புட்டு நேரம்தான் மோட்டுவளயவே பாத்துட்டுக் கெடப்ப? போயி தயிர் வாங்கிட்டு வா" என்று தூக்குவாளியைக் கையில் திணித்தாள்.

தயிர் வாங்கிக்கொண்டு ரத வீதியில் திரும்பினால், மில்லின் வெள்ளை அம்பாசடர் நிற்கிறது. கோபுரத்தைக் காட்ட விருந்தாளியைக் கூட்டி வந்திருந்தார் ராஜு சார். விருந்தாளி காரிலிருந்து இறங்க இறங்க இறங்கிக்கொண்டே இருந்தார், அவ்வளவு உயரம். சிவந்த முகம். தோளில் தோல் பை. ராஜபாளையம் வெயிலில் மூன்று நாள் நின்றால் எந்த வெள்ளைக்காரனுக்கும் முகம் சிவக்கும் என்பது அந்த நிமிஷம் தோன்றவில்லை.

"அதோ! அவன்தான் குருசாமி!" என்று சார் கத்தினார்.

வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். கையைப் பைக்குள் விட்டார். "மிஸ்டர் குருசாமி! மூன்று நாளாக உங்களைத் தேடுகிறேன்!" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே நெருங்கினார்.

தூக்குவாளியை வீசினேன். குறி தப்பாமல் எறிந்தது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். தயிர் அவர் நெஞ்சில் விழுந்தது, மூடி பூக்காரம்மாள் கூடையில் விழுந்தது. நான் ஓடினேன்.

"ஏமிரா! ஏமிரா இதி!" என்று ராஜு சாரின் தெலுங்கு பின்னாலேயே வந்தது.

சித்தி வீட்டில் நுழைந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். நாலு நிமிஷத்தில் டிரைவர், சார், தயிர் வடிகிற வெள்ளைக்காரர் மூவரும் வாசலில் நின்றார்கள். சித்தி காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் செய்தது இது: விருந்தாளியை உட்காரவைத்தாள், சட்டையைக் கழற்றி வாங்கி அலசப் போட்டாள், சித்தப்பாவின் சட்டையைக் கொடுத்தாள், காப்பி கலந்தாள். பிறகு, "அவன் அரிசி டிரம்முக்குப் பின்னால இருக்கான், நீங்களே கூப்பிட்டுக்கிடுங்க" என்றாள்.

வெளியே வந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மணி, கிணறு, பச்சை கேட் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சித்தப்பாவின் சட்டை அவருக்கு முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது. அவர் சிரிக்காமல் கடைசிவரை கேட்டார்.

"நான் யாரையும் கொல்வதில்லை" என்றார். "எனக்கு பிரிண்டர் கேபிள் வேண்டும். அதை நீங்கள் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்கள்."

பைக்குள் அவர் கையை விட்டது கோபுரத்தைப் படம் எடுக்க, கேமராவுக்காக.

கேபிள் இருந்த அலமாரியின் சாவி மூன்று நாளாக என் கால்சட்டைப் பையிலேயே இருந்தது. அதனால் மெஷின் ஓட்டத்தை அச்சடித்துப் பார்க்க முடியாமல் மூன்று நாள் வேலை நின்றிருந்தது. மாதக் கடைசியில் எனக்கு ஆர்டர் வரவில்லை. புரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருப்பதாகக் கடிதம் வந்தது. காரணம் என்ற இடத்தில் ராஜு சார் 'சொந்த அலுவல்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சட்டையைப் பற்றிக்கூட. ஆறு மாதம் கழித்து நிரந்தரமானேன். என் கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்கு முன்னால் ஐயர் மணியைக் கையில் எடுத்ததும், சித்தி கூட்டத்தில் இருந்து, "சாமி, அந்த மணிய அவன் கைல மட்டும் குடுத்துறாதீய!" என்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரையாவது காணவில்லையென்றால், என் மனைவி முதலில் அரிசி டிரம்முக்குப் பின்னால்தான் பார்க்கிறாள்.

அந்த விளையாட்டுக்குள் மறுபடி போக எனக்கு மூன்று வாரம் ஆனது. வேட்டைக்காரனின் கடிதம் காத்திருந்தது. அந்த ஊரில் மணி அடிக்கிற ஒவ்வொரு புது ஆளையும் ஒருவன் துரத்திப் பிடிப்பது வழக்கமாம். பிடித்தவன் அவனுக்கு ஒரு மேலங்கி போட்டு, ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டி, எல்லாருக்கும் அறிமுகம் செய்து வைக்க வேண்டுமாம். யாரும் நாற்பது தடவை அடித்ததில்லை என்பதால் எனக்குக் கூட்டம் கொஞ்சம் அதிகம். அந்த வியாழக்கிழமை, எங்கள் நேரம் மத்தியானம் ஒரு மணிக்கு, பதினோரு பேர் மேலங்கியோடு சதுக்கத்தில் நின்றிருக்கிறார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், கடைசி சீட்டில், தலையில் கர்ச்சீப்பைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.