சூட்டண்ணையும் மாமாவின் குளிர் அறையும்

மொன்றியலில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரரை விட்டுவிட்டுத் தரையிடம் சுகம் விசாரிக்கும் மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் சூட்டண்ணை. ஜனவரி மாதமானாலும் வாசலிலேயே காலுறைகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, வெறுங்காலோடு கூடத்தின் நடுவில் கண்ணை மூடி நிற்பார். பிறகு குப்புறப் படுத்துத் தரையில் கன்னத்தை வைப்பார். தரைக்கடியில் சுடுதண்ணீர்க் குழாய் ஓடும் வீடுகளில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற கருவிகள் பூட்டுவது அவர் தொழில். சொந்தப் பெயர் எங்கள் மாதா கோயிலில் யாருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் நாங்கள் நகரின் வடக்கிலுள்ள அஹுன்ட்சிக்கில் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தோம். முந்திய சொந்தக்காரர் ஒவ்வொரு அறைக்கும் தனிக்குழாய் போட்டிருந்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தெர்மோஸ்டாட், அதுவும் குசினிச் சுவரில். என் மனைவி ஜெசிந்தா அடுப்பை மூட்டினால் அது வீடு முழுவதும் சூடாகிவிட்டதென்று நம்பி எல்லாக் குழாய்களையும் நிறுத்திவிடும். இங்கே இடியப்பம் அவிந்தால் அங்கே பின்னறை உறையும்.

அந்தப் பின்னறையில்தான் மாமா இருந்தார். ஜெசிந்தாவின் அப்பா. மாமி இறந்தபின் மன்னாரில் தனித்துப்போனவரை ஆயிரம் கெஞ்சல் கெஞ்சி அழைத்து வந்திருந்தோம். அவரோ கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே பல்லவி பாடினார்.

"பிள்ளை, பாஸ்காத் திருநாளுக்கு முந்தி என்னை அனுப்பிப்போடு. அங்க தனிய எண்டாலும் கால் குளிராது."

ஜெசிந்தா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருந்த சூட்டண்ணைக்கு அழைப்பு எடுத்தேன்.

மற்றவர்கள் அறையை அளப்பார்கள். இவர் ஆட்களை அளந்தார்.

"தங்கச்சி, நீர் எங்க நிண்டு ரெலிபோன் கதைக்கிறனீர்?"

"குசினி வாசல்ல அண்ணை. கொஞ்ச நேரந்தான்."

"ஒரு மணித்தியாலம்" என்றேன் நான். இன்றுவரை அதற்கு எனக்கு மன்னிப்பு இல்லை.

"அப்ப உம்முடைய கால் அங்கதான் சீவிக்குது" என்று அந்த இடத்தில் சோக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். பின்னேரத்துக்குள் வீடு முழுக்க வட்டங்கள். மாமாவிடம் மட்டும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் தானும் காலைத் தூக்கிவைத்து அரைமணி நேரம் சும்மா இருந்துவிட்டு, "இது தனிச் சோன், இந்த அறைச் சூடு இந்த அறைக்கு மட்டுந்தான். ஆரும் கைவைக்கேலாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

நிலவறையில் ஒவ்வொரு குழாய்க்கும், தண்ணீரைத் திறந்து மறிக்கிற, மோட்டார் வைத்த சின்ன மூடி ஒன்று பூட்டினார். அறைக்கு ஒன்றாக உள்ளங்கை அளவில் தெர்மோஸ்டாட்கள் வந்தன. பற்றரியில் இயங்குபவை. வயர் இல்லை, சுவர் உடைக்கிற வேலையும் இல்லை. திருகும்போது குழாய்களோடு பிரெஞ்சில் கொஞ்சினார். ஏன் என்று கேட்டேன்.

"கெபெக்கில செய்த சாமான், தம்பி. தமிழ் விளங்காது."

மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "வயர் இல்லாமல் இது எப்பிடிக் கீழ இருக்கிறதுக்குச் சொல்லும்?"

"ஐயா, நீங்கள் செபம் பண்ணேக்க வயரோ பூட்டுறியள்?"

மாமா தன் அறைக் கருவியைத் தானே கையில் வாங்கிக்கொண்டு போனார்.

வீடு முழுவதும் இதமாகிவிட்டது, மாமாவின் அறையைத் தவிர. சூட்டண்ணை மறுபடி வந்து மூடியை மாற்றினார். இன்னொரு நாள் வந்து இரண்டு கன்னத்தையும் மாறி மாறித் தரையில் வைத்தார். குளிர் அசையவில்லை. கருவியில் என்ன இலக்கம் காட்டுகிறது என்று பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "என்ர உள்ளங்கால் பொய் சொல்லாது" என்பார்.

மூன்றாம் முறை வந்தபோது எங்கள் செபமாலை நேரம். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தாலும் மாமா விடமாட்டார். "நீரும் முழங்காலில நில்லும்" என்றார். எல்லோரும் மாமாவின் அறைப் பீடத்துக்கு முன் முழந்தாளிட்டோம். மாமியின் நினைவாகக் கண்ணாடிக் குவளையில் பகல் முழுக்க எரியும் மெழுகுதிரி அங்கே இருந்தது.

பாதிச் செபத்தில் சூட்டண்ணை ஒரு கண்ணைத் திறந்தார். என் கண்ணும் திறந்துதான் இருந்தது. அந்தோனியார் சுரூபத்தின் காலடியில், பூக்களுக்குப் பின்னால், மெழுகுதிரிக்கு ஒட்டினாற்போல் தெர்மோஸ்டாட் குந்தியிருந்தது. அதில் முப்பத்தொரு பாகை. பாவம், அறை வெந்துகொண்டிருக்கிறதென்று நினைத்துக் குழாயை அடைத்துவிட்டிருந்தது.

சூட்டண்ணையின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிப்பை அடக்கியதில் கண்ணீர் வழிந்தது. செபம் முடியுமட்டும் மனிதர் அப்படியே குலுங்கினார். மாமா அதைப் பக்தி என்று நினைத்து உருகிப்போய் அவர் முதுகைத் தடவினார்.

"அழாதையும் தம்பி. உமக்கு வீட்டில ஆரும் இல்லையோ?"

குலுங்கல் நின்றது.

"இல்லை ஐயா" என்றார் சூட்டண்ணை. "ஆரும் இல்லை."

சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தார். பிறகுதான் அவர் கருவியை எடுத்தார். "இதை ஏன் ஐயா இதில வைச்சனீங்கள்?"

"செபம் மாதிரி எண்டு நீர்தானே சொன்னீர். அதுதான் அந்தோனியாரிட்டக் குடுத்தன்."

"அந்தோனியாருக்கு மெழுகுதிரிச் சூடு காணுமாம். இதை உங்கட கட்டிலுக்குப் பக்கத்தில வைப்பம்." மெழுகுதிரியை அவர் தொடவில்லை. கட்டிலருகே சுவரில் கருவியைப் பூட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மாமா வெறுங்காலோடு நடந்தார். ஆனாலும் பயணக் கதையை விடவில்லை. கால் சுட்டாலும் ஊர் ஊர்தானாம். ஜெசிந்தா மீண்டும் தண்ணீரைத் திறந்துவிடத் தொடங்கினாள்.

சூட்டண்ணை மட்டும் "சோன் பாக்க வந்தனான்" என்று ஞாயிறு தவறாமல் பூசை முடிந்து வந்தார். ஒரு குழப்பமும் இல்லாத தரையில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். பிறகு அவரும் மாமாவும் அதே தரையில் உட்கார்ந்து காட்ஸ் விளையாடிக் கள்ளாட்டம் என்று மாறி மாறிச் சண்டை பிடிப்பார்கள்.

பாஸ்கா நெருங்கியிருந்த ஒரு ஞாயிறு, மன்னாரிலிருந்து மாமாவின் சகோதரி மகன் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு ரெலிபோன் எடுத்திருந்தான். மாமா கூடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்திப் பேசினார். குசினியில் நின்ற எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"இல்லையடா, நான் வரேல்ல. இஞ்ச ஒரு விசரன் கிழமைக்குக் கிழமை வந்து நிலத்தில படுத்துக் கிடக்கிறான். நான் வந்திட்டன் எண்டால் அவனுக்கு ஆர் இருக்கினம்?"

ஜெசிந்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பின்னறையில் சூட்டண்ணை அடுத்த ஆட்டத்துக்குக் காட்ஸ் கலைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. வெட்கமாயிருந்ததால் தேத்தண்ணீர் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.